பழத் தண்ணீர் ஏன் கசக்கிறது? மணமாகப் போடுவது எப்படி?

எலுமிச்சை, வெள்ளரி, புதினா மூன்றையும் ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க மேசை மேலேயே வைத்திருக்கிறீர்கள். காலையில் தண்ணீர் கசக்கிறது, புதினா கறுத்துவிட்டது, வெள்ளரி வழவழவென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் குளிர்பானத்துக்குப் பதிலாக அவருக்கும் ஏதாவது வேண்டும். எங்கே தப்பு நடந்தது, எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எத்தனை நாள் வைக்கலாம், உடம்பிலுள்ள நச்சு இதனால் வெளியேறும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் வாரம் மகளின் பிறந்தநாளுக்கு 30 பேருக்குப் போடவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் மனையியல் பாடம் நடத்தியவள். அதைவிட, திருச்சி வெயிலில் ஒவ்வொரு கோடையும் வீட்டில் இதைப் போட்டுப் போட்டுப் பழகியவள். கடைக்காரர்கள் 'டீடாக்ஸ் வாட்டர்' என்கிறார்கள். சீரகத் தண்ணீர், வெட்டிவேர்த் தண்ணீர் என்று நாம் சொல்வதைப் போல நான் இதைப் பழத் தண்ணீர் என்றே சொல்கிறேன்.

முதலில் கசப்பைப் பார்ப்போம். சாத்துக்குடியைப் பிழிந்த கையோடு குடித்தால் இனிக்கும். அதே சாற்றை மூடிவைத்து மத்தியானம் குடித்தால் கசக்கும். காய்ச்சல்காரருக்குச் சாறு பிழிந்து வைத்த எல்லோருக்கும் இது தெரியும். பழம் முழுசாக இருக்கும்போது அதன் வெள்ளைத் தோலிலும் விதையிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. கத்தி பட்டதும் அது பழத்தின் புளிப்போடு சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும். இரவு முழுக்க என்பது தாராளமான நேரம். உங்கள் ஜாடியில் தோலோடும் விதையோடும் வட்டவட்டமாக நறுக்கிய எலுமிச்சை எட்டு மணி நேரம் கிடந்திருக்கிறது. கசக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தச் செய்முறைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அங்கே எலுமிச்சை என்று சொல்வது தடித்த மஞ்சள் தோல் கொண்ட பெரிய பழம். நம் சந்தையில் கிடைப்பது மெல்லிய தோலும் கூடுதல் புளிப்பும் உள்ள சின்னப் பழம். அது வேறு இனம். அந்தக் குறிப்பில் உள்ள '2 பழம், 8 மணி நேரம்' என்ற கணக்கை நம் பழத்துக்கு அப்படியே போட்டால் சரிவராது. நம் எலுமிச்சைக்கு அரை மணி நேரமே போதும். ஒன்றரை லிட்டருக்கு அரைப் பழம் எடுத்து, தோலைச் சீவி, விதை நீக்கி, சதையை மட்டும் மெல்லிசாக அரிந்து, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். மணம் வேண்டுமென்றால் மேல்தோலை மட்டும், வெள்ளை ஒட்டாமல், சீவுகத்தியால் இரண்டு கீற்று எடுத்துப் போடலாம். எலுமிச்சை வாசனை முழுக்க அந்தப் பச்சைத் தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. தோலை மடக்கினால் கண்ணில் தெறிக்கிறதே, அதுதான்.

பழத்தைவிட எனக்குப் பிடித்தது எலுமிச்சை இலையும் நார்த்தை இலையும். நீர்மோரில் கிள்ளிப் போடுவார்கள் இல்லையா, அதே இலைதான். இந்த இலைகளில் வேப்பிலைக்கட்டி இடிப்பவர்கள் நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் இடிப்பார்கள். அதே போல நரம்பை எடுத்துவிட்டு, இரண்டு இலையைக் கையால் கிழித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். புளிப்பே இல்லாமல் எலுமிச்சையின் வாசனை மட்டும் வரும். வயிற்றெரிச்சல் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தத் தண்ணீரில் நமக்குக் கிடைப்பது மணம். வைட்டமினும் தாதுவும் கொஞ்சம் இறங்கும், ஆனால் நாலு துண்டுப் பழத்திலிருந்து அது மிகச் சொற்பம். பழத்தைக் கடித்துத் தின்றால் கிடைப்பதற்கு இது ஈடாகாது. மணத்துக்காகச் செய்கிறோம் என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குத் தானாகவே விடை வந்துவிடும். ஒவ்வொரு பொருளும் தன் மணத்தைத் தனக்குரிய வேகத்தில்தான் விடும். இலை சீக்கிரம் விடும். வேர் மெதுவாக விடும். விதையும் பட்டையும் சூடு காட்டினால்தான் விடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு ஒரே நேரத்தில் எடுப்பதால்தான் ஒன்று கசந்து, ஒன்று அழுகி, ஒன்று வாசனையே விடாமல் போகிறது.

புதினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசனை இலையின் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. அவை உடைந்தால் போதும், இலை நசுங்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து இலையை உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். அப்படியே தண்ணீரில் போடுங்கள். அம்மியிலோ உரலிலோ நசுக்கினால் பச்சைச்சாறும் இறங்கிவிடும், தழை நாற்றம் வரும். நசுங்கிய இலை சீக்கிரம் கறுக்கவும் செய்யும். தட்டிப் போட்ட புதினா குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடும். அப்புறம் எடுத்துவிட வேண்டியதுதான். துளசிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் இதே கணக்கு. ஆனால் துளசி காரம், ஐந்தாறு இலைக்கு மேல் வேண்டாம். (இலையைக் கிள்ளிய புதினாத் தண்டைத் தண்ணீரில் வைத்து வேர் விட்டதும் தொட்டியில் நட்டுவிடுங்கள். ஒரு கட்டுப் புதினாவில் கோடை முழுக்க ஓடும்.)

வெள்ளரியின் கதை வேறு. முழு வெள்ளரிக்குப் பெரிய வாசனை கிடையாது. நறுக்கும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த கொழுப்பும் நொதியும் சந்தித்து, அந்த நொடியில்தான் வெள்ளரி வாசனை பிறக்கிறது. அதனால் எவ்வளவு மெல்லிசாக நறுக்குகிறீர்களோ அவ்வளவு வாசனை. தடியாக நறுக்கி ஆறு மணி நேரம் போடுவதைவிட, காகிதம் போல அரிந்து இரண்டு மணி நேரம் போடுவது நல்லது. காம்புப் பக்கத்தை ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த துண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகே மற்றதை நறுக்குங்கள். வெள்ளரியின் கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் கூடுதல். ஒரு கசப்பு வெள்ளரி ஜாடி முழுக்கவே கெடுத்துவிடும்.

ஆக, உங்கள் ஜாடியை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் குடிநீர், காகிதமாக அரிந்த அரை வெள்ளரி, தட்டிய புதினா. மூடி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம். கடைசி அரை மணி நேரத்தில் தோல் சீவிய எலுமிச்சை. பிறகு வடிகட்டி, வெறும் தண்ணீரை மட்டும் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். வடிகட்டுவதுதான் எல்லோரும் விடுகிற வேலை. பழம் மிதக்கிற பாட்டில் பார்க்க அழகாக இருக்கும், அதனால் எடுக்க மனம் வராது. ஆனால் மணம் இறங்கிய பிறகு அந்தப் பழம் கசப்பையும் அழுகலையும் தவிர வேறெதையும் தராது. வெள்ளரியைப் பச்சடியில் போட்டுவிடுங்கள், வீணாகாது.

மற்ற பழங்கள். அன்னாசி அருமையாக வரும். சதையைச் சாப்பிட்டுவிட்டு நாம் எறிகிற நடுத்தண்டை மெல்லிசாக அரிந்து, அரை அங்குலம் இஞ்சியைத் தட்டிச் சேர்த்து, குளிர்பெட்டியில் மூன்று நாலு மணி நேரம் விடுங்கள். கொய்யா ஒரு மணி நேரத்திலேயே அறை முழுக்க மணக்கும், ஆனால் அரைப்பழுத்ததாக இருக்கவேண்டும், கனிந்தது கரைந்துவிடும். தர்பூசணியோடு திருநீற்றுப்பச்சை நல்ல ஜோடி. ஆனால் தர்பூசணிதான் முதலில் குழைந்து புளிக்கிற பழம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஆப்பிள் ஏமாற்றும். பார்க்க நன்றாக இருக்கும், பழுப்பாகும், மணம் என்று ஒன்றும் வராது. அதைத் தின்றுவிடுவதே மேல். ஸ்ட்ராபெர்ரி போடச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்து விலை கொடுத்து வாங்க வேண்டாம், அது இல்லாமலே நம்மிடம் நிறைய இருக்கிறது.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். தண்ணீருக்கு மணமேற்றுவது நமக்குப் புதிது கிடையாது. நாலடியாரில் கல்வி அதிகாரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. படிக்காதவரும் படித்தவரோடு பழகினால் அறிவு வரும், பாதிரிப்பூவைச் சேர்த்த புது மண்பானை தன்னிலுள்ள தண்ணீருக்கு மணம் தருவதைப் போல, என்று. அப்படி உவமையாகச் சொல்ல வேண்டுமென்றால், பானைத் தண்ணீரில் பூவின் மணம் ஏற்றுவது அந்தக் காலத்துக் கேட்பவர்களுக்கு அன்றாடப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்ட திருப்பாதிரிப்புலியூர் கடலூரில் இருக்கிறது. அதே கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில்தான் இன்று வெட்டிவேர் நிறையப் பயிராகிறது. பாதிரிப்பூ இன்று கைக்கு எட்டுவது அபூர்வம். வெட்டிவேர் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இந்த வெட்டிவேர்த் தண்ணீர்தான். சர்க்கரை இல்லை, புளிப்பில்லை, குளிர்பெட்டி தேவையில்லை. சாயமோ செண்டோ ஏற்றாத, மண்வாசனையுள்ள வேராகப் பார்த்து ஒரு கைப்பிடி வாங்குங்கள். ஓடும் தண்ணீரில் மண் போக அலசி, பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, 5 லிட்டர் பானையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி உள்ளே போடுங்கள். இரவு போட்டால் காலையில் மணக்கும். இலை மாதிரி இல்லை, வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, சீக்கிரம் ஆவியாகாது. அதனால் இரண்டு மூன்று நாள்கூட மணம் விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்றவேண்டும். மூன்றாம் நாள் முடிப்பை எடுத்து நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் மறுபடி போடலாம். மணம் குறையும்வரை இரண்டு மூன்று சுற்று வரும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், அப்படி ஆனால் எறிந்துவிடுங்கள்.

பானையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பது, அதன் நுண்துளை வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால். காற்று வறண்டிருந்தால் நன்றாகக் குளிரும். அதனால்தான் மதுரையிலும் திருச்சியிலும் ஜில்லென்று இருக்கும் பானைத் தண்ணீர், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு குளிர்வதில்லை. அதே நுண்துளைகள் காரணமாகப் பானையில் பழம் போடவே கூடாது. பழத்தின் சர்க்கரை துளைகளுக்குள் போய்த் தங்கி, கழுவினாலும் போகாமல், வழவழப்பும் பூசணமும் பிடிக்கும். வேருக்குப் பானை, பழத்துக்குக் கண்ணாடி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நன்னாரியும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. மணமெல்லாம் வேரின் மேல்பட்டையில்தான். நடுவில் இருக்கும் கட்டையில் ஒன்றும் கிடையாது. வேரைக் கழுவி, லேசாகத் தட்டினால் பட்டை கழன்றுவரும். நடு நரம்பை எறிந்துவிட்டு, ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிப் பட்டையைப் போட்டு இரவெல்லாம் ஊறவிடுங்கள். வனிலாவை நினைவுபடுத்தும் ஒரு வாசனை வரும். இது கற்பனை இல்லை. நன்னாரிக்கு மணம் தரும் பொருளும் வனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்களை வேறு வரிசையில் கொண்டவை. ஐஸ் போட்டுக் குடிக்கிற நன்னாரி சர்பத்தில் சர்க்கரைப்பாகு மூக்கை மறைத்துவிடுகிறது. வெறும் தண்ணீரில் ஊறிய நன்னாரியைக் குடித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு மென்மையான வாசனை என்று தெரியும்.

சீரகம், சுக்கு, ஏலம், பட்டை இவற்றைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் பலன் குறைவு. எண்ணெய் கடினமான மேலுறைக்குள் இருக்கிறது, சூடு வேண்டும். 2 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிச் சீரகம், ஐந்து நிமிடக் கொதி, மூடிவைத்து ஆறவிட்டால் போதும். கேரளத்தில் உணவகங்களில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் வைப்பார்களே, அது பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்தது. அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாக மாறும். கட்டையின் சாயம் புளிப்பில் மஞ்சள், புளிப்புக்கு எதிரான காரத்தன்மையில் சிவப்பு. பயப்பட ஒன்றுமில்லை.

நிறம் என்றதும் உங்கள் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைக் குடிக்கவைக்க நான் ஒரு வழி சொல்கிறேன், என் அனுபவத்தில் தோற்றதே இல்லை. வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூ ஐந்தாறு பறித்து, அடியிலுள்ள பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, கழுவி, ஒரு தம்ளர் வெந்நீரில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கருநீலமாகும். அதை ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கலந்துவிட்டு, பிள்ளை கையில் எலுமிச்சைத் துண்டைக் கொடுத்து ஒவ்வொரு சொட்டாகப் பிழியச் சொல்லுங்கள். நீலம் ஊதாவாக மாறும். பூவுக்குத் தனி ருசியோ மணமோ கிடையாது, அதனால் புதினா இரண்டு இலை சேர்த்துக்கொள்ளுங்கள். தானே நிறம் மாற்றிய தண்ணீரைக் குடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. சாலையோரத்தில் பூத்ததும் மருந்தடித்த தோட்டத்துப் பூவும் வேண்டாம்.

இப்போது, எத்தனை நாள் வைக்கலாம் என்பது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். நறுக்கிய பழம் போட்ட தண்ணீரை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சமைத்த உணவுக்கும் கெட்டுப்போகக்கூடிய உணவுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை அது. 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிகள் பெருகத் தோதான இடம். நம் ஊர் மே மாதத்து அறையே 35 டிகிரி. அந்த வெயிலில் ஒரு மணி நேரமே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேசை மேல் இரவெல்லாம் வைத்த ஜாடியில் கசப்பு இல்லாமல் இருந்திருந்தாலும் நான் கொட்டத்தான் சொல்லியிருப்பேன். குளிர்பெட்டியில், வடிகட்டிய தண்ணீர் ஒரு நாள் வரை. அதற்குமேல் வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், ஆனால் இரண்டு மணி நேரத்தில் புதிதாகப் போடக்கூடிய ஒன்றை மூன்று நாள் சேமிப்பதில் அர்த்தமில்லை. நுரை, குமிழி, நூல் போல வழவழப்பு, புளித்த வாடை இதில் எது தெரிந்தாலும் ருசிபார்க்காமல் கொட்டுங்கள். கொதிக்கவைத்த சீரகத் தண்ணீரும் வெளியே இருந்தால் அன்றைக்கு மட்டும்தான்.

கழுவுவதை அலட்சியமாக நினைக்க வேண்டாம், ஏனென்றால் இங்கே தோலோடு பொருளைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரையே குடிக்கிறோம். தோல்மேல் உள்ள அழுக்கையும் கிருமியையும் கத்தி உள்ளே கொண்டுபோகும், அதனால் தோலைச் சீவப் போகிற பழத்தையும் நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். புதினாவை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, கையால் தூக்கி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்தால் அடியில் இறங்கிய மண் மறுபடி இலைமேலேயே வரும். மூன்று முறை மாற்றினால் அடியில் மண் தெரியாது. பூச்சிமருந்துக்குச் சமையல் சோடா உதவும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஆப்பிள் தோலில் சோதித்தார்கள். ஒரு சதவீதச் சோடாக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம், 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது சோதித்த இரண்டு மருந்துகளும் மேற்பரப்பிலிருந்து பெரும்பாலும் போயின. தோலுக்குள் இறங்கிவிட்டதைச் சோடாவால் எடுக்க முடியவில்லை. எனவே திராட்சை, வெள்ளரி போன்றவற்றைக் கால் மணி நேரம் சோடாத் தண்ணீரில் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். சந்தேகமாக இருக்கிற பழத்தின் தோலைச் சீவிவிடுங்கள்.

பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர். செம்பு, பித்தளை வேண்டாம். செம்புச் சொம்பில் வெறும் தண்ணீர் வைப்பது வேறு, எலுமிச்சையோ அன்னாசியோ போடுவது வேறு. புளிப்பு பட்டால் செம்பு தண்ணீரில் கரையும், குமட்டலும் வாந்தியும் வரும். pH எனப்படும் அமில அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6க்குக் கீழே உள்ள உணவு செம்பில் படக்கூடாது என்று அமெரிக்க உணவு விதியிலேயே இருக்கிறது. பெருமாள் கோயில் தீர்த்தத்தைப் பார்த்துத் துளசியும் ஏலமும் செம்பில் போடுபவர்கள் அந்தப் பச்சைக் கற்பூரத்தை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். அளவு தெரியாமல் போட்டால் அது குழந்தைகளுக்கு ஆபத்து. நடுவில் குழாய் வைத்த பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தால், அந்தக் குழாயின் ஓட்டைகளைத் தினமும் பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கேதான் வழவழப்பு முதலில் பிடிக்கும்.

தண்ணீர் எது என்பதும் ருசியை மாற்றும். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எலுமிச்சை எடுபடாது, அதிலுள்ள பைகார்பனேட் புளிப்பைத் தின்றுவிடும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் எந்த இலையும் அதை மறைக்காது. கொதிக்கவைத்து, ஆறவைத்து, அப்புறம் போடுங்கள்.

சரி, நச்சு வெளியேறுமா? இல்லை. அந்த வேலையை உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உடம்புக்கே கொடுத்து, ஒன்றரை லிட்டர் அளவு மட்டும் வெளியேற்றுகிறது. அதற்கு வேண்டியது போதுமான தண்ணீர். வெள்ளரியும் புதினாவும் அதற்குமேல் எதையும் சேர்ப்பதில்லை. தொப்பை கரையும், முகம் பளபளக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். ஆனால் வெறும் தண்ணீர் இறங்காத ஒருவர் இந்த மணத்துக்காக இரண்டு தம்ளர் கூடுதலாகக் குடித்தால் அது உண்மையான லாபம். குளிர்பானத்தை இது விலக்கினால் இன்னும் பெரிய லாபம். வழக்கமான குளிர்பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில் ஒன்றில் 30 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்பாவுக்காக இரண்டு விஷயம். பழத்தை நசுக்கியோ மிக்ஸியில் அடித்தோ போடாதீர்கள், அது பழச்சாறாகிவிடும், சர்க்கரை ஏறும். அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் நட்சத்திரப் பழம் எனப்படும் தமரத்தம் பழத்தைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி உயிரையே வாங்கியிருக்கிறது. அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் அளவு வைத்திருந்தால், இதையும் அந்த அளவுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்புக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் பம்பளிமாஸ் போடுவதற்குமுன் மருத்துவரைக் கேளுங்கள், சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது. வயிற்றுப்போக்குக்கு இந்தத் தண்ணீர் உதவாது, அப்போது வேண்டியது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்.

பல்லையும் நினைக்க வேண்டும். எலுமிச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை ஒரு மடக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பது பல்லுக்கு நல்லதில்லை. அமில அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சு கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2 சொச்சம்தான். சாப்பாட்டோடு ஒரு தம்ளராகக் குடித்து முடித்துவிட்டு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்க வெட்டிவேரும் சீரகமும் வெள்ளரியும் இருக்கின்றன.

பிறந்தநாளுக்கு வருகிறேன். ஒரு முறை உறவினர் வீட்டு விழாவுக்கு 20 லிட்டர் கேனில் காலை பத்து மணிக்கே எலுமிச்சை வட்டங்களைப் போட்டு வைத்துவிட்டேன். மாலை விருந்தினர் வந்தபோது ஒருவராலும் குடிக்க முடியவில்லை, அவ்வளவும் கீழே போனது. அன்றிலிருந்து விழாவுக்கு நான் செய்வது வேறு மாதிரி. 30 பேருக்கு ஆளுக்கு ஒன்றரைத் தம்ளர் என்று வைத்தால் 10 லிட்டர் போதும். முந்தின இரவு இரண்டு கிண்ணத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஐஸ் ஆக்கி வையுங்கள், பெரிய கட்டி மெதுவாகக் கரையும். விழாவுக்கு மூன்று மணி நேரம் முன்னால், 3 லிட்டர் தண்ணீரில் 4 வெள்ளரியை அரிந்து, ஒரு கட்டுப் புதினாவைத் தட்டிப் போட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்து வடிகட்டினால் கெட்டியான மணத் தண்ணீர் கிடைக்கும். அதை 6 லிட்டர் குளிர்ந்த தண்ணீரோடு கலந்து ஐஸ் கட்டியைப் போட்டால் கணக்கு சரியாக வரும். பார்வைக்காகப் புதிதாக அரிந்த பத்து வெள்ளரி வட்டம் மேலே மிதக்கட்டும். மூன்று எலுமிச்சையைத் தோல் சீவி, விதை எடுத்து, அரிந்து தட்டில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். முதல் விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதைக் கேனில் போடுங்கள்.